மணிக்கு முப்பது மில்லி

கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போன
என்று கேட்டேன்.
தேசப்பன் மனைவியைப் பார்த்தான்.
மல்லீஸ்வரி சுவரைப் பார்த்தாள்.
சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுப் படத்தில்
நாலு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று நாளாய்ப் பேதி, வாந்தி.
முதல் ரெண்டு குடம் சாக்கடை, மூணாவது தண்ணி
என்பது அந்தத் தெருவின் கணக்கு.
இந்த வாரம் மூணாவது குடமும்
முதல் குடமாகவே இருந்திருக்கிறது.
ஆனாலும் லோடு இறக்கப் போயிருக்கிறான்,
மணலி யார்டில், தகரம் கொதிக்கும் மே மாதத்தில்.
இடுப்பு வலிக்கு
மெடிக்கல் பையன் சீட்டு கேட்காமல் கொடுத்த மாத்திரை,
காலையில் ரெண்டு, ராத்திரி ரெண்டு.
வலி நின்றது.
கூடவே நின்றுபோன இன்னொன்றை
யாரும் கவனிக்கவில்லை.

"நேத்து காலைல போச்சு சிஸ்டர்.
தோ, இத்தினிக்கோண்டு. டிகாஷன் மாரி."

டாக்டர் ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டார்.
லேப் திறக்க எட்டரை ஆகும்.
கிரியேட்டினின் வாய் திறக்க அதற்கும் மேலே.
அதுவரை எனக்கு உண்மை சொல்லக்கூடியது
ஒரு காலி தண்ணீர் பாட்டில்தான்.
அதன் பக்கவாட்டில் பிளாஸ்திரி ஒட்டி
சிரிஞ்சால் பத்துப் பத்து மில்லியாய் ஊற்றி
பேனாவால் கோடு போட்டுக்கொண்டு வந்தேன்.
அறுபது கிலோ ஆள்.
மணிக்கு முப்பது மில்லியாவது வர வேண்டும்.
டீக்கடை கிளாஸில் பாதிகூட இல்லை அது.

சலைனை ஏற்றினேன்.
போனில் டாக்டர் சொன்னார்:
"நெஞ்சைக் கேட்டுக் கேட்டு ஏத்துங்க.
அடியில கொறகொறன்னா உடனே நிறுத்திடுங்க."
ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைக்கும்போதெல்லாம்
மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்த தோல்
செருப்பைப் போல் இருந்தது.

அதற்குள் மல்லீஸ்வரி ஓடிப்போய்
இளநீர் வாங்கி வந்துவிட்டாள், சூடு தணியட்டும் என்று.
பாய்ந்து பிடுங்கினேன்.
அதில் இருக்கும் உப்பு வெளியேற
இவனுக்குள் இப்போது வழி கிடையாது,
அது நேரே இதயத்தைப் பிடிக்கும்
என்பதை எப்படிச் சொல்வது?
இளநீர் கெடுதல் என்று
அவள் தெருவில் யாரும் சொன்னதில்லை.
என் தெருவிலும்தான்.
நீ குடி, என்றேன்.
காலையிலிருந்து அவளும் ஒன்றும் குடித்திருக்கவில்லை.

பத்து மணிக்கு ஒன்றுமில்லை.
பதினொன்றுக்கு, இரண்டாவது சலைனும் பாதி இறங்கிய பிறகு,
பாட்டில் காய்ந்தே கிடந்தது.
பன்னிரண்டரைக்கு நூற்றெட்டைக் கூப்பிட்டேன்.

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது.
கேட்டுக்கு அந்தப் பக்கம்
நீல விளக்கு சுற்றுவது ஜன்னலில் தெரிந்தது.
டிரைவர் சைரனை நிறுத்திவிட்டிருந்தார்,
கூட்ஸ் வண்டிக்கு அது கேட்காது என்று தெரிந்தவர்.
பெட்டிகளை எண்ணினேன்.
நாற்பத்திரண்டுவரை நினைவிருக்கிறது.

அப்போதுதான் திரைக்குப் பின்னால்
பிளாஸ்டிக்கில் ஏதோ விழும் சத்தம்.
நின்றது. மறுபடி விழுந்தது.
நாற்பத்தைந்து.
டிகாஷன் நிறம்தான், ஆனால் நாற்பத்தைந்து.
மல்லீஸ்வரி பாட்டிலை வாங்கி
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.
சற்று முன் சுவரைப் பார்த்தவள்.

வந்ததற்காக நிறுத்திவைக்க முடியாது.
ஸ்டான்லிக்கு எழுதிய சீட்டில்
ஏற்றியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, எந்த மணிக்கு,
எல்லாம் குறித்தேன்.
மாத்திரை அட்டையையும் அதோடு பின் அடித்தேன்.
இளநீர் கொடுக்கவில்லை என்று
அடிக்கோடிட்டு எழுதினேன்.
பாட்டிலும் அவர்களோடு போயிற்று,
அவள் மடியில்.

விடியும்போது ரிஜிஸ்டரை மூடினேன்.
நர்ஸுகளின் கழிவறைச் சாவி
பகல் வாட்ச்மேன் இடுப்பில், அவர் வர ஏழாகும்.
நான் கடைசியாகப் போனது
நேற்று மத்தியானம், வீட்டில்.
போக வேண்டியிருக்குமே என்று
எதுவும் குடிக்கவும் இல்லை.
மேஜைமேல் என் தண்ணீர் பாட்டில்
கழுத்துவரை நிறைந்திருந்தது.
அதில் யாரும் கோடு போடவில்லை.